பாக்கிப் பட்டியலும் அனுப்பிய சரக்கும்: அன்றும் இன்றும்

கோயம்புத்தூர் பம்ப்செட் தொழிலில் மாதம் பிறந்ததும் முதலாளி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “மூணு மாசத்துக்கு மேல பாக்கி நிக்கறவங்களுக்குப் போன மாசம் எவ்வளவு சரக்குப் போட்டிருக்கோம்?” ஈரோட்டு ஜவுளிக்கும் சிவகாசி அச்சுத் தொழிலுக்கும் இதே கேள்விதான். கடனுக்குச் சரக்கு போகும் தொழிலில், பணம் வராத இடத்துக்கே மேலும் மேலும் சரக்கு போய்க்கொண்டிருந்தால் தொழில் ஒருநாள் படுத்துவிடும். அதனால் இந்தக் கேள்வியைப் பத்தோடு பதினொன்றாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

கேட்பதற்கு ஒரே கேள்வி. உள்ளே இரண்டு இருக்கின்றன. யார் யார் பாக்கி என்பது நிலுவைக் கணக்கில் இருக்கிறது. யாருக்கு என்ன சரக்கு போனது என்பது விற்பனைக் கணக்கில் இருக்கிறது. முதல் கணக்கில் கிடைக்கும் பெயர்களைக் கொண்டு இரண்டாவது கணக்கைச் சலிக்க வேண்டும். அதற்கும் முன்னால், முதல் கணக்கைப் போடுவதற்கே இரண்டு விவரம் தேவை. எந்தத் தேதி நிலவரப்படி? எத்தனை நாள் கடந்தால் பாக்கி? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் பட்டியல் பிறக்காது. இன்று திரையில் ஒரு பெட்டி தோன்றி இந்த விவரங்களைக் கேட்கிறது. கணினிக்காரர்கள் அதைப் பிராம்ப்ட் என்கிறார்கள். அன்று கணக்கப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்: “மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் பார்க்கட்டுங்களா, இன்னிக்கு வரைக்கும் பார்க்கட்டுங்களா?”

அந்தக் கேள்வியும் அதற்கு வந்த பதிலும் எங்கே எழுதப்பட்டன, இன்று எங்கே எழுதப்படுகின்றன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பேச விரும்புகிறேன்.

பேரேட்டுக் காலத்தில் ஒரு பார்ட்டிக்கு ஒரு பக்கம். இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு, மேலே ஃபோலியோ எண். பொள்ளாச்சி, கோபி, தேனி, புதுக்கோட்டை என்று ஊர்வாரியாகப் பக்கங்கள் இருக்கும். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, வந்த பணத்தைப் பழைய பில்லில் இருந்து கழித்துக்கொண்டே வந்து, எந்த பில் இன்னும் தீரவில்லை என்று பார்ப்பார். தொண்ணூறு நாளைத் தாண்டி நிற்கும் பார்ட்டியின் பெயரை ஓர் அரைத் தாளில் எழுதுவார். பட்டியல் முடிந்ததும் விற்பனை நாளேட்டை விரித்து, ஸ்கேலை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்து நகர்த்துவார். அரைத் தாளில் உள்ள பெயர் வந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக். கடைசியில் டிக் போட்ட வரிகளின் தொகையைக் கூட்டினால் முதலாளியின் கேள்விக்கு விடை.

அந்த அரைத் தாளில் தலைப்பு இருந்தது. “31-3 நிலவரப்படி, 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கி” என்று முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் பெயர்களைத் தொடங்குவார்கள். தலைப்பில்லாமல் தாளை மேசையில் வைத்தால் முதலாளி திருப்பி அனுப்பிவிடுவார். பிறகு யார் எடுத்துப் பார்த்தாலும், எந்தக் கேள்விக்குப் பிறந்த பட்டியல் அது என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. பக்கம் புரட்டும்போது கணக்கப்பிள்ளைக்குப் பெயர் மட்டும் கண்ணில் படுவதில்லை. இந்தத் தேனிப் பார்ட்டி ஒவ்வொரு வருஷமும் ஏலக்காய்ப் பணம் வந்த பிறகு கணக்கை முடிப்பவர். இந்தப் புதுக்கோட்டைப் பார்ட்டி அனுப்பிய மோட்டாரில் காயில் எரிந்துபோய், மாற்றித் தரும்வரை பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். இந்த விவரமெல்லாம் அவர் மனதில் இருக்கும். அரைத் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பாகவும் ஏறும். எந்த மென்பொருளும் இதுவரை அந்த ஓரக் குறிப்புக்கு ஈடான ஒன்றை ஒழுங்காகச் செய்து தரவில்லை என்பது என் எண்ணம்.

அதற்காக அந்தக் காலத்தை மெச்சிக்கொண்டே இருக்க முடியாது. விடை கிடைக்க இரண்டு மூன்று நாளாகும். அந்த நாட்களிலும் லாரியில் சரக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கும். மதுரைக் கிளையின் கணக்கு தபாலில் வந்தால்தான் உண்டு. எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஒரே மனிதரின் தலையில் தொழிலே உட்கார்ந்திருந்தது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் கேள்விக்கு விடை இல்லை. அவருக்கு வேண்டிய பார்ட்டியின் பெயர் அரைத் தாளில் ஏறாமல் போனால் கண்டுபிடிக்க வேறு வழியும் இல்லை.

ஒரு பட்டியலால் இன்னொன்றைச் சலிக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தது அமெரிக்கா. 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹோலரித் துளையிட்ட அட்டைகளைக் கொண்டுவந்தார். அது எண்ணுவதற்கான ஏற்பாடு. இரண்டு கட்டு அட்டைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் இயந்திரம் வர இன்னும் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆனது. 1935இல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கோடிக்கணக்கான தொழிலாளர்களின் கணக்கில் ஊதிய விவரங்களைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு வந்தது. அந்தத் தேவையை ஒட்டி 1937இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் 077 என்ற கொலேட்டர் இயந்திரம் வந்தது. ஒரு பக்கம் ஒரு கட்டு, இன்னொரு பக்கம் வேறொரு கட்டு. எண் பொருந்தும் அட்டைகள் ஒரு தட்டில், பொருந்தாதவை வேறு தட்டில். கணக்கப்பிள்ளையின் ஸ்கேலும் சிவப்புப் பென்சிலும் செய்த அதே வேலைதான்.

அந்த இயந்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. இரண்டு கட்டும் ஒரே எண் வரிசையில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். பெயரை வைத்துப் பொருத்த முடியாது, எண் வேண்டும். ஆளுக்கு ஓர் எண், பார்ட்டிக்கு ஒரு கோடு (குறியெண்) என்ற பழக்கம் அலுவலகங்களில் ஊறியதற்கு இதுவும் ஒரு காரணம். முருகன் பெயரில் கடை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. பெயரை வைத்துப் பொருத்தினால் தேனி முருகனின் பாக்கிக்குத் தென்காசி முருகனின் சரக்கை நிறுத்திவிடுவோம். கோடு வந்த பிறகுதான் அந்த ஆபத்து குறைந்தது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. நம் ஊர்க் கம்பெனிகளில் ஈ.டி.பி. (மின்னணுத் தரவுச் செயலாக்க) டிபார்ட்மெண்ட் என்று ஒரு குளிரூட்டிய அறை முளைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். லைன் பிரிண்டரில் வரிக்கு 132 எழுத்து வீதம், இரு ஓரமும் துளைபோட்ட நீளக் காகிதத்தில் நிலுவைப் பட்டியல் அடித்துவரும். விற்பனைப் பட்டியல் தனியாக அடித்துவரும். இரண்டும் தனித்தனி ரன். இரண்டையும் சேர்த்து ஒரே விடையாகத் தரச் சொன்னால் புரோகிராமர் கோபால் என்ற கணினி மொழியில் புது புரோகிராம் எழுத வேண்டும். மாதக் கடைசியில் சம்பள ரன் இருக்கும்போது அதற்கு யாருக்கும் நேரம் கிடையாது. ஆகவே கணக்குப் பிரிவில் இரண்டு காகிதக் கட்டுகளையும் மேசையில் விரித்து, மறுபடி ஸ்கேலையும் பென்சிலையும் எடுத்தார்கள். அடிக்கும் வேகம் கூடியது. பொருத்தும் வேலை மனிதரிடமே நின்றது. கம்ப்யூட்டர் வந்தும் இந்த வேலை பல்லாண்டுகள் அசையாமல் இருந்ததை அந்தக் கட்டுகளைச் சுமந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதே சமயம் ஆய்வுக்கூடங்களில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1970 ஜூனில் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக வைத்து உறவுகளால் இணைக்கும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். 1974இல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் சீக்வெல் என்ற வினவல் மொழியை அறிமுகப்படுத்தினார்கள். இன்று உலகமெங்கும் ஓடும் எஸ்.க்யூ.எல். அதன் வழிவந்தது. அந்த மொழியின் முதல் வடிவத்திலேயே ஒரு கேள்விக்குள் இன்னொரு கேள்வியை வைக்க இடம் இருந்தது. உள்ளே “தொண்ணூறு நாளுக்கு மேல் பாக்கி யார்” என்று கேட்கலாம். வெளியே “அவர்களுக்குப் போன சரக்கு என்ன” என்று கேட்கலாம். அரைத் தாள் வெளியே வராமலே விடை வந்துவிடும். வணிகக் கணக்கின் வரலாற்றில் இதை நான் மிகப் பெரிய பாய்ச்சலாக நினைக்கிறேன். ஆனால் அந்த மொழியை எழுதத் தெரிந்தவர்கள் ஒரு கம்பெனிக்கு ஓரிருவர்தான்.

மற்றவர்களுக்குக் கைகொடுத்தது எக்ஸெல். 1979இல் விசிகால்க், 1983இல் லோட்டஸ் 1-2-3, பிறகு எக்ஸெல் என்று விரிதாள்கள் மேசைக்கு மேசை பரவின. கணக்குப் பிரிவில் வி-லுக்கப் ஃபார்முலா தெரிந்த பையனுக்குத் தனி மதிப்பு. நிலுவைப் பட்டியலை ஒரு ஷீட்டில் ஒட்டி, விற்பனைப் பட்டியலை இன்னொரு ஷீட்டில் ஒட்டி, பார்ட்டி கோடை வைத்து ஒரு ஃபார்முலா போட்டால் பொருந்தாதவற்றுக்கு எதிரில் பிழைக்குறி நிற்கும். அதை ஃபில்டரில் நீக்கிவிட்டால் மீதி விடை. இரண்டு நாள் வேலை அரை மணியில் முடிந்தது. அந்த மகிழ்ச்சி உண்மையானது.

பள்ளங்களும் உண்டு. கோடின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எக்ஸெல் எண்ணாக நினைத்து விழுங்கிவிடும். 00457 என்ற பார்ட்டி 457 ஆகிவிடுவார், பொருந்தமாட்டார். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலும் பொருந்தாது. ஃபார்முலாவின் நான்காவது இடத்தைக் கொடுக்காமலே விட்டால், சரியாகப் பொருந்துவதற்குப் பதில் ஏறக்குறையப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். இத்தனையும் சத்தமில்லாமல் நடக்கும். 2003 பதிப்பு எக்ஸெலில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகள்தான். 2007 பதிப்பில்தான் அது 10,48,576 ஆனது.

பழைய வரம்பின் விலை என்ன என்பதை 2020இல் இங்கிலாந்து பார்த்தது. கொரோனா உறுதியானவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். முதல் பட்டியலில் பெயர் இருந்தால்தான் இரண்டாவது வேலை நடக்கும். இடையில் பழைய எக்ஸெல் கோப்பு வடிவம் பயன்படுத்தப்பட்டது. வரிகள் நிரம்பியதும் மிச்சம் உதிர்ந்துவிட்டது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேரின் விவரம் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. பம்ப்செட் பாக்கியில் இப்படி நடந்தால் பணம் போகும். அங்கே நோய் பரவும் நாட்களில் பொன்னான நேரம் போனது. ஒரு பட்டியலின் குறை அடுத்த பட்டியலில் குறையாகத் தெரிவதில்லை, சுத்தமான விடையாகத்தான் தெரிகிறது. இந்த வேலையில் எனக்கு மிகவும் அச்சமூட்டும் இடம் அது.

எஸ்.க்யூ.எல். எழுதத் தெரிந்த ஓரிருவருக்கும் வி-லுக்கப் பையனுக்கும் நடுவே இருந்த இடத்தை நிரப்ப ரிப்போர்ட் மென்பொருள்கள் வந்தன. 1990இல் பிரான்சில் பெர்னார்ட் லியோட்டோவும் டெனிஸ் பயரும் பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். எஸ்.க்யூ.எல். தெரியாதவரும் “பார்ட்டி”, “பாக்கித் தொகை”, “சரக்கு மதிப்பு” என்று தம் தொழில் பெயர்களை இழுத்துப்போட்டு ரிப்போர்ட் செய்யலாம் என்பதே அதன் வாக்குறுதி. கனடாவின் காக்னாஸ், அமெரிக்காவின் ஹைப்பீரியன் என்று பலர் களத்தில் இருந்தார்கள். 2007இல் பெரிய மீன்கள் இந்த மூன்றையும் விழுங்கின: ஹைப்பீரியனை ஆரக்கிளும், பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸை எஸ்.ஏ.பி.யும், காக்னாஸை ஐ.பி.எம்.மும் வாங்குவதாக அதே ஆண்டில் அறிவித்தன. சென்னையிலும் பெங்களூரிலும் ஐ.டி. கம்பெனிகளில் இந்த மூன்றின் பெயரைச் சொல்லியே வேலை வாங்கிய தலைமுறை ஒன்று இருக்கிறது.

இந்த மென்பொருள்களில் ஃபில்டர் போடும் இடத்தில், மதிப்பை நாமே தட்டலாம், பிராம்ப்ட்டில் கேட்கச் சொல்லலாம், அல்லது இன்னொரு ரிப்போர்ட்டின் விடையை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். மூன்றாவது வழிதான் நம் முதலாளியின் கேள்விக்கு உரியது. நிலுவை ரிப்போர்ட் பிராம்ப்ட்டில் தேதியையும் நாளையும் கேட்கும். பதில் சொன்னதும் உள்ளே ஓடி, பார்ட்டி கோடுகளின் பட்டியலைத் தரும். விற்பனை ரிப்போர்ட் அந்தப் பட்டியலில் உள்ள பார்ட்டிகளின் வரிகளை மட்டும் காட்டும். பயனாளர் பார்ப்பது இரண்டாவது ரிப்போர்ட்டை மட்டுமே. அரைத் தாள் இங்கேயும் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

அது தெரியாமல் போனதால் வரும் சிக்கல்கள் சில்லறை அல்ல. முதலில் சிறியதைச் சொல்கிறேன். நிலுவைக் கணக்கு ஒரு டேட்டாபேஸிலும் விற்பனைக் கணக்கு வேறொன்றிலும் இருந்தால், மென்பொருள் முதல் விடையை வெளியே எடுத்து, கோடுகளை ஒவ்வொன்றாக இரண்டாவது கேள்விக்குள் எழுதி அனுப்பும். ஆரக்கிள் டேட்டாபேஸில் அப்படி எழுதும் பட்டியலில் 1,000 கோடுகளுக்கு மேல் இருந்தால், வரம்பு மீறல் என்று திருப்பிவிடும் ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. எரிச்சலூட்டும் பிழைதான், ஆனால் நேர்மையான பிழை. வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது.

அடுத்தது மோசமானது. கேள்வியைத் திருப்பிப் போட்டு, “பாக்கிப் பட்டியலில் இல்லாதவர்களுக்குப் போன சரக்கு என்ன” என்று கேட்கிறோம் என்று வையுங்கள். முதல் பட்டியலில் எங்கோ ஒரு வரியில் பார்ட்டி கோடு வெற்றாக இருக்கிறது. எஸ்.க்யூ.எல். அந்த வெற்றிடத்தை “தெரியாது” என்று எடுத்துக்கொள்ளும். தெரியாத ஒன்றுக்குச் சமமில்லை என்று எந்தப் பார்ட்டியையும் அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே ஒருவரையும் காட்டாது. ரிப்போர்ட் காலியாக வரும், பிழைச் செய்தி இல்லாமல். பார்ப்பவர் அப்படிப்பட்ட சரக்கே போகவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

மூன்றாவதுதான் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது. பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸின் வெப் இன்டெலிஜென்ஸ் என்ற ரிப்போர்ட் கருவியில், ஒரே ஆவணத்தில் இரண்டு கேள்விகளின் பிராம்ப்ட் வாசகம் ஒன்றாகவும் தகவல் வகை ஒன்றாகவும் இருந்தால், அது இரண்டையும் சேர்த்து ஒரே முறை கேட்கும். ஒரே தேதியை இரண்டு முறை தட்டும் தொல்லை இல்லை. நல்ல வசதி. ஆனால் நம் கேள்வியில் இரண்டு தேதிகள் இருக்கின்றன, இரண்டும் வேறு. பாக்கி மார்ச் 31 நிலவரப்படி. சரக்கு ஏப்ரல் 30 வரை. இரண்டிலும் பிராம்ப்ட் வாசகம் “தேதி வரை” என்று இருந்தால் மென்பொருள் ஒரு தடவைதான் கேட்கும். பயனாளர் ஏப்ரல் 30 என்று தட்டுவார். பாக்கியும் ஏப்ரல் 30 நிலவரப்படி எடுக்கப்படும்.

விளைவைப் பாருங்கள். ஒரு பார்ட்டி மார்ச் கடைசியில் மூன்று மாதப் பாக்கியில் இருக்கிறார். ஏப்ரல் 5ஆம் தேதி அவருக்கு மறுபடி சரக்கு போகிறது. ஏப்ரல் 25ஆம் தேதி அவர் பழைய பாக்கியைக் கட்டிவிடுகிறார். ஏப்ரல் 30 நிலவரப்படி அவர் பட்டியலில் இல்லை. பாக்கியில் இருந்தவருக்குச் சரக்கு போன உண்மை ரிப்போர்ட்டில் இல்லாமல் போகிறது. இன்னொரு பார்ட்டியின் பில் ஏப்ரல் 20ஆம் தேதிதான் தொண்ணூறு நாளைத் தாண்டுகிறது. ஏப்ரல் 3ஆம் தேதி அவருக்குச் சரக்கு அனுப்பியபோது அவர் நல்ல பார்ட்டி. ரிப்போர்ட்டோ விற்பனைப் பிரிவின்மேல் குற்றம் சுமத்தும். கூட்டல் சரி, எண் சரி, கேள்விதான் மாறிவிட்டது. அந்த ரிப்போர்ட்டை அச்செடுத்தால் தலைப்பில் “ஏப்ரல் மாத விற்பனை” என்று மட்டும் இருக்கும். உள்ளே ஓடிய நிலுவை எந்தத் தேதிக்கானது என்று ஒரு வார்த்தை இருக்காது.

“31-3 நிலவரப்படி” என்று எழுதிய அந்த முதல் வரியை நாம் எங்கோ தவறவிட்டோம். இயந்திரம் அதைப் பறிக்கவில்லை. ஃபில்டர் விவரத்தை ரிப்போர்ட்டின் தலையில் அச்சிடும் வசதி இந்த மென்பொருள்களில் உண்டு. இடத்தை அடைக்கிறது, பார்க்க அழகாயில்லை என்று எடுத்துவிடுகிறார்கள்.

இன்று பவர் பி.ஐ. போன்ற ரிப்போர்ட் மென்பொருள்களில் பிராம்ப்ட் பெட்டிகூடத் தேவையில்லை. ஒரே பக்கத்தில் நிலுவை ஒரு படமாகவும் விற்பனை ஒரு படமாகவும் நிற்கும். நிலுவைப் படத்தில் “90 நாளுக்கு மேல்” என்ற பட்டையைத் தொட்டால் விற்பனைப் படம் தானே சுருங்கும். விற்பனை மேலாளர் கைப்பேசியிலேயே பார்த்துவிட்டு லாரியை நிறுத்தச் சொல்லலாம். பேச்சு மொழியில் கேட்டால் கேள்வியை எழுதிக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. “பாக்கிக்காரங்களுக்குப் போன சரக்கைக் காட்டு” என்றால் காட்டும். பாக்கி என்றால் எத்தனை நாள், எந்தத் தேதிக்கு என்று அது நம்மைத் திருப்பிக் கேட்கிறதா, தானாக முடிவெடுத்துக்கொள்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கேட்காமல் முடிவெடுக்கும் கருவியை, எவ்வளவு வேகமாக இருந்தாலும், கணக்குப் பிரிவுக்குள் விடக்கூடாது.

இது பெரிய கம்பெனிகளின் கவலை என்று சிறு வியாபாரிகள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஒரு பட்டியலால் இன்னொரு பட்டியலைச் சலிக்கும் வேலையை இப்போது அரசே எல்லோருக்கும் செய்கிறது. தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி 2007 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாங்கியவர் கொள்முதல் விவரம் கொடுப்பார், விற்றவர் விற்பனை விவரம் கொடுப்பார். வணிகவரித் துறையின் கம்ப்யூட்டர் இரண்டையும் பொருத்திப் பார்த்துப் பொருந்தாதவர்களுக்கு நோட்டீஸ் கிளப்பும். விற்றவர் பில் எண்ணைத் தவறாகத் தட்டியிருந்தாலும் நோட்டீஸ் வாங்கியவருக்குத்தான். இப்படிப்பட்ட பல வழக்குகள் சேர்ந்து, 2017 மார்ச்சில் ஜே.கே.எம். கிராஃபிக்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொருந்தாமையை மட்டும் வைத்துப் போட்ட உத்தரவுகளை ரத்து செய்து, அதிகாரிகள் முறையாக விசாரித்து மறுபடி முடிவெடுக்க வேண்டும் என்றும், துறை இதற்கென ஒரு மைய ஏற்பாட்டை உருவாக்க வேண்டும் என்றும் சொன்னது. பட்டியல் பொருந்தவில்லை என்பது விசாரணையின் தொடக்கம், அதன் முடிவல்ல என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. பதிவு செய்த ஒவ்வொரு வியாபாரிக்கும் 15 எழுத்துள்ள அடையாள எண். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்துக்கு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான பார்ட்டி கோடு. வாங்கியவருக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல் ஜி.எஸ்.டி.ஆர்-2ஏ என்று போர்ட்டலில் தெரிந்தது. ஆனால் அது ஓடிக்கொண்டே இருக்கும் பட்டியல். விற்றவர் தாமதமாக பில்லை ஏற்றினால் நேற்றுப் பார்த்த தொகை இன்று மாறிவிடும். எந்தத் தேதி நிலவரத்தை வைத்து வரிக்கழிவு எடுப்பது என்று ஆடிட்டர்கள் திணறினார்கள். 2020 ஆகஸ்டில் ஜி.எஸ்.டி.ஆர்-2பி வந்தது. மாதத்துக்கு ஒன்று, அடுத்த மாதம் குறித்த தேதியில் (பின்னாளில் அது 14ஆம் தேதி என்றானது) உருவாகும், அதன் பிறகு ஓடாது. கணக்கப்பிள்ளையின் தேதி போட்ட அரைத் தாளைப் போன்ற ஒன்றை நாடு முழுவதற்குமாக அரசு மறுபடி உண்டாக்கியது என்றே எனக்குத் தோன்றியது.

சலிக்கும் விதியும் படிப்படியாக இறுகியது. 2019 அக்டோபரில், பட்டியலில் வராத பில்களுக்கும் பொருந்திய கழிவில் 20 சதவீதம் வரை கூடுதலாக எடுக்கலாம் என்றார்கள். 2020 ஜனவரியில் அது 10 ஆனது, 2021 ஜனவரியில் 5 ஆனது. 2022 ஜனவரி 1 முதல் பட்டியலில் இருந்தால்தான் கழிவு, இல்லையென்றால் இல்லை. விற்றவர் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் வரியைக் கொடுத்து வாங்கியவரின் கையிலிருந்து பணம் போகிறது. இது நியாயமில்லை என்று கருதும் வியாபாரிகளில் நானும் சேர்த்தி. 2024 அக்டோபரில் வந்த இன்வாய்ஸ் மேனேஜ்மெண்ட் சிஸ்டத்தில், வாங்கியவர் ஒவ்வொரு பில்லையும் ஏற்கலாம், மறுக்கலாம், நிறுத்தி வைக்கலாம். 14ஆம் தேதிக்குப் பிறகு அதில் கைவைத்தால் 2பி-யை மறுபடி கணக்கிட வேண்டும். உறைந்த பட்டியல் மீண்டும் கொஞ்சம் இளகியிருக்கிறது. எந்தத் தேதியில் எடுத்த 2பி என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்துக்கொள்வது இப்போது அவசியம்.

பழைய பேரேட்டுக்குத் திரும்ப யாரும் விரும்பமாட்டார்கள், நானும் விரும்பவில்லை. இன்றைய வேகம் இல்லாவிட்டால் இத்தனை ஊர்களில், இத்தனை பார்ட்டிகளோடு கடன் வியாபாரம் நடத்தவே முடியாது. உங்கள் மேசைக்கு இனி வரும் ரிப்போர்ட் இன்னொரு ரிப்போர்ட்டால் சலிக்கப்பட்டது என்றால், செய்து தருபவரிடம் மூன்று விவரம் கேளுங்கள். உள்ளே ஓடிய முதல் ரிப்போர்ட்டின் பெயர் என்ன, அதன் பிராம்ப்ட்டுக்கு என்ன பதில் கொடுக்கப்பட்டது, அந்தப் பட்டியலில் எத்தனை பேர் இருந்தார்கள். மூன்றையும் ரிப்போர்ட்டின் முதல் வரியில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். அது இல்லாத ரிப்போர்ட்டை வைத்து யாருக்கும் சரக்கை நிறுத்தாதீர்கள்.